அத்தை நடப்பாள், நான் சுடுவேன்

அரசாங்கம் அந்த லேப்டாப்பை அத்தை படிப்பதற்காகத்தான் கொடுத்தது. பிளஸ் டூ படித்த பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்தார்கள். அத்தை அதை மார்போடு அணைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். சாமி படத்துக்குக் கீழே கொஞ்ச நாள் அது தன் பைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வெளியே வருவதற்குள் அத்தைக்குக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. படிப்பு போயிற்று, லேப்டாப் தங்கிவிட்டது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். எனக்கு அவள் அத்தை என்பதைவிட, எனக்கு முன்னால் அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட அக்கா மாதிரி. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் எங்கள் வீடு. அப்பா கம்பெனி வேன் ஓட்டினார். ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கிற பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் இறக்குவதும், ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதும் அவர் வேலை. அத்தைக்கு வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். தன் வேன் போகிற கம்பெனியிலேயே சொல்லி வாங்கினார். தங்கை தன் கண்ணெதிரில் போய்த் தன் கண்ணெதிரில் திரும்பி வருவாள் என்பதில் அவருக்கு அத்தனை நிம்மதி.

பெரிய கம்பெனி இல்லை அது. பெரிய கம்பெனிகளுக்குச் செல்போன் கண்ணாடி தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. கண்ணாடியைத் துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தூசி இல்லையென்றால் தட்டில் அடுக்க வேண்டும். அத்தைக்கு அதுதான் வேலை. வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், கைக்குக் கையுறை எல்லாம் கொடுத்தார்கள். ஒரு நாள் அந்த உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். கண் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அது பிரமாதமாக இருந்தது. ஏனென்றால் அப்போது நாங்கள் விளையாடிக்கொண்டிருந்த கேமில் வருகிற ஆளும் அப்படித்தான் இருப்பான்.

அந்த கேம் எங்களுக்கு வந்தது ஸ்ரீபெரும்புதூரில். அங்கே செல்போனில் பாட்டு ஏற்றித் தருகிற கடை ஒன்று இருந்தது. கடைக்கார அண்ணன் பாட்டோடு சேர்த்து இதையும் ஏற்றிவிட்டார். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் இருந்தது. எங்கள் இரண்டு பேர் வாயிலும் அது நுழையவில்லை. எரிந்துபோன ஒரு பெரிய தொழிற்பேட்டை. அதில் தன்னந்தனியாக ஒருத்தன். மாஸ்க்கும் தடித்த உடுப்பும் போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு, தண்ணீரும் டின் சாப்பாடும் தேடி அலைவான். அவனை நாங்கள் 'நம்மாளு' என்றோம்.

சர்க்கார் லேப்டாப்புக்கு அந்த கேம் அதிகப்படி. திணறித் திணறித்தான் ஓடும். அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும் என்பதால் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்து, இரண்டு பேரும் தரையில் தோளோடு தோள் உரச உட்காருவோம். நடக்கவைக்கிற பொத்தான்கள் இடது பக்கம் இருந்ததால் அவை அத்தைக்கு. வலது பக்கம் மவுஸ் எனக்கு. அத்தை நடப்பாள், நான் சுடுவேன். எந்தத் தகராறும் இல்லாமல் ஓர் ஆளை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

எனக்குச் சுடுவதில்தான் ஆசை. தெருநாய்கள் மாதிரி கூட்டமாக வருகிற மிருகங்கள், சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற திருடர்கள் எல்லாரையும் சுட்டுத் தள்ள வேண்டும். அத்தைக்கு அதில் அக்கறையே இல்லை. அவள் கண் எப்போதும் திரையின் கீழ் மூலையில், எது எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடுகளில் இருக்கும். உயிருக்கு ஒரு சிவப்புக் கோடு. உடுப்புக்கு ஒன்று, மாஸ்க்குக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று. அந்த ஊரில் மனிதர்களைவிடத் தரையும் காற்றும்தான் மோசம். பச்சையாகத் தேங்கி நிற்கிற ஆசிட் குட்டையில் கால் வைத்தால் உடுப்பு அரிக்கும். உடைந்த குழாயிலிருந்து பீய்ச்சுகிற ஆவி பட்டால் மாஸ்க் கண்ணாடி விரிசல் விடும், திரை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி தெரியும். சாம்பல் மழையில் நனைந்தால் துப்பாக்கி அடைத்துக்கொண்டு, சுட வேண்டிய நேரத்தில் 'டிக்' என்று மட்டும் சொல்லும்.

"நாய் கடிச்சா சத்தம் வருது, செவப்பா தெரியுது, ஓடிர்லாம். இது சத்தமே இல்லாம துன்னுக்கினே கீதுடி" என்பாள் அத்தை. உடுப்பு இருக்கிறவரைக்கும் சிவப்புக் கோடு அசையாது. குட்டைக்குள் நின்றாலும் நம்மாளுக்கு ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். உடுப்பு தீர்ந்த பிறகுதான் உயிர் இறங்கும். இறங்க ஆரம்பித்தால் மடமடவென்று இறங்கிவிடும். அதனால் அத்தை ஒவ்வொரு குட்டையையும் சுற்றிக்கொண்டுதான் போவாள். எரிந்த லாரிக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டுப்போட்டுத் தருகிற ஒருவன் அந்த கேமில் உண்டு. கொஞ்சம் கிழிந்தாலும் நம்மாளை அவனிடம் அழைத்துப் போய்விடுவாள். எனக்கு அலுப்பாக இருக்கும். "சுடவே வுட மாட்டேன்ற" என்று சிணுங்குவேன். ஆனால் எங்கள் நம்மாளு சாகவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் போட்டோவைப் பார்த்தபோது நான் கேட்டேன், "அத்த, ஒனக்கும் உடுப்பு கிழிஞ்சா புதுசு குடுப்பாங்களா?"

அவள் சிரித்தாள். "இது நமக்கில்ல பாப்பா. நம்ம முடி, எச்சி, தூசி எதுவும் கண்ணாடி மேல வுழக் கூடாதுன்னு. நம்ம கிட்டேர்ந்து கண்ணாடிக்குப் பாதுகாப்பு."

எனக்கு அது புரியவில்லை. கண்ணாடியை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆடி மாதத்துக்குப் பிறகு, கண்ணாடி துடைக்கிற மருந்தை மாற்றினார்கள். பழைய மருந்து காய நேரமாகிறதாம். புதியது துடைத்ததும் காய்ந்துவிடும், லைன் வேகமாக ஓடும். பெயர் எழுதாத வெள்ளை டப்பாவில் வரும் என்றாள் அத்தை. தூசி வரக் கூடாதென்று ஜன்னலே இல்லாத ஏ.சி. அறை. அத்தை வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரும்போது அவள் துப்பட்டாவில் பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு வாசனை வரும். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. மூக்கைப் புதைத்து முகர்வேன். கையுறை அந்த மருந்தில் ஊறி உப்பி, விரல் நுனியில் பிசுபிசுவென்று பிய்ந்துவிடும் என்றும், ஒரு ஷிப்டுக்கு ஒரு ஜோடிக்கு மேல் கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார் என்றும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கையுறையில்லாமல் துடைத்தால்தான் வேகம் வருகிறது என்றும் சொன்னாள். ஷிப்டுக்கு மேல் ஓ.டி.யும் சேர்ந்துகொண்டது. நாங்கள் விளையாடுவது ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கியது.

மழைக்காலம் ஆரம்பித்தபோதுதான் கேமில் எங்களுக்குக் கெட்ட காலம் பிடித்தது.

தொழிற்பேட்டையின் நடுவில் ஒரு பெரிய ஆசிட் தொட்டி. அதன் குறுக்கே ஒரு குழாய். அதன்மேல் நடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். அத்தைக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. வயல் வரப்பில் நடப்பதுபோல் நடந்துவிடுவாள். அன்று பாதிக் குழாயில் நம்மாளு நின்றான். பிறகு அவனாகப் பக்கவாட்டில் நகர்ந்து தொட்டிக்குள் விழுந்தான். உடுப்புக் கோடு ஓடித் தீர்ந்தது. சிவப்புக் கோடு இறங்கியது. "ஏறு, ஏறு அத்த!" என்று நான் கத்தினேன். அத்தை பொத்தானை அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். நம்மாளு அசையவில்லை. திரை கறுத்துவிட்டது.

எங்கள் நம்மாளு செத்தது அதுதான் முதல் தடவை. மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி விழுந்தான். குட்டையைச் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் குட்டைக்குள்ளேயே போனான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அத்தையின் விரல் பொத்தானின் மேல் இல்லை, பக்கத்துப் பொத்தானின் மேல் இருந்தது. அதை அவள் அழுத்திக்கொண்டும் இருந்தாள்.

"கீபோர்டு போச்சு" என்றேன் நான்.

அத்தை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு, "ஆமா பாப்பா. கீபோர்டுதான் போச்சு" என்றாள்.

அடுத்த லீவு நாளில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனோம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடைக்கு நடக்கும்போது, அத்தையின் ஒரு கால் செருப்பு பின்னாலேயே கழன்று கிடந்தது. அவள் பாட்டுக்கு வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். "செருப்பு வுட்டுட்டு வந்துட்ட!" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். செருப்பைப் போடும்போது காலைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

பாட்டுக் கடை அண்ணன் லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வந்தது. நம்மாளை நடக்கவைக்கிற டபிள்யூ வந்தது. ஏ வந்தது. எஸ்ஸும் டியும் வந்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"இன்னாம்மா, எல்லாம் சூப்பரா கீது. கீபோர்டுல ஒண்ணுமில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஆளுக்கு ரிப்பேர் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஏமாற்றுகிறார் என்று தோன்றியது. "இல்ல, நல்லா பாருங்க" என்று சண்டைக்கு நின்றேன். அத்தை மட்டும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாக எல்லா எழுத்தும் இருந்தது. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள். பையின் கொக்கியை அவளால் மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டினேன்.

திரும்பி வரும் வழியில், "வூட்ல யாரு கிட்டயும் சொல்லாத" என்றாள். கேம் விளையாடுவதற்காக ரிப்பேர் கடைக்குப் போனது தெரிந்தால் அம்மா திட்டுவாள், அதனால்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அதற்குப் பிறகு அத்தை விளையாட்டில் வேறு எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் அந்தக் குழாய்க்குத்தான் போக வேண்டும் என்பாள். நம்மாளைக் குழாயின் முனையில் நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலைக் கண்ணால் பார்த்தபடியே அமுக்குவாள். விழுவான். மறுபடி. விழுவான். மறுபடி. சுட எதுவும் இல்லாமல் நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுவேன். அவள் விளையாடவில்லை, தன் விரல் இன்று எவ்வளவு தூரம் பேச்சு கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது தெரிகிறது. கம்பெனியில் உடம்புக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்தவர்களை மறுநாள் வேனில் காணோம். அதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு நாள், "நடக்கறதும் நீயே நட" என்று பொத்தான்களையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். முழு ஆளும் எனக்கே வந்துவிட்டான்.

தை மாதத்தில் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாலாஜாபாத் பக்கம், கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை. அப்பா வேனை நன்றாகக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார், அது ஏதோ எங்கள் சொந்த வேன் மாதிரி. அத்தைக்கு அம்மா தன் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். கொசுவம் நிற்கவில்லை. ஊக்கு குத்த அத்தையால் முடியவில்லை. "பதறாத, நான் குத்தறேன்" என்றாள் அம்மா.

காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு அத்தை சமையலறையிலிருந்து வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எதிரில் போய் நின்றாள். குனிந்தாள். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டம்ளர்கள் ஒவ்வொன்றாக நழுவி, சூடான காபி அந்த அம்மாவின் மடியில் கொட்டியது. தட்டும் போய்த் தரையில் விழுந்து கணகணவென்று சுற்றியது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அத்தையின் கையிலும் கொதிக்கிற காபி வழிந்துகொண்டிருந்தது. அவள் கையை உதறவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவள் மாதிரி நின்றிருந்தாள்.

அவர்கள் ஒன்றும் சண்டை போடவில்லை. "பொண்ணுக்கு இஷ்டம் இல்ல போலக் கீதுங்க. கட்டாயப்படுத்தாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்பா அத்தையை அதற்கு முன்னால் ஒரு சொல் அதட்டி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "புடிக்கலன்னா முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நாலு பேர் எதிர்ல தட்ட வுட்டு அடிக்கற! யாரு அவன்? சொல்லு, யாரு?"

"யாருமில்லண்ணா. கை வழுக்கிடுச்சு."

"எனுக்குத் தெரியாதா? டெய்லி ஒன்ன ஏத்தினு போறவன் நானு!"

அம்மா அத்தையின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டாள். லேப்டாப் பீரோவுக்குள் போனது. நாளையிலிருந்து கம்பெனி கிடையாது என்றார் அப்பா. அத்தை பாயை இழுத்துப் போட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் கையில் காபி கொட்டிய இடம் கொப்பளித்திருந்ததை மறுநாள்தான் அம்மா பார்த்தாள். "ஏம்மா, எரியலயா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே மருந்து தடவினாள். அத்தை, "இல்லண்ணி" என்றாள். அதை அம்மா பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலையை விட்டால் சரியாகிவிடும் என்று அத்தை மனதுக்குள் நம்பியிருக்க வேண்டும். ஆகவில்லை. வீட்டிலேயே இருந்தவள் நாளுக்கு நாள் மோசமானாள். நடக்கும்போது பாதம் தரையில் தட்டும். தண்ணீர்க் குடத்தை எடுத்தால் போட்டுவிடுவாள். பல் தேய்க்கிற பிரஷ் நழுவும். வேண்டுமென்றே செய்கிறாள், கல்யாணப் பேச்சை நிறுத்த நடிக்கிறாள் என்று அம்மா முதலில் சொன்னாள். பிறகு யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கூட்டிப் போனாள். கோயில் வாசற்படியைத் தாண்டும்போது அத்தை கால் மடங்கி விழுந்தாள். எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. ஜனங்கள் கூடிவிட்டார்கள். அம்மா அவளைத் தூக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தபோதுதான், இது நடிப்பில்லை என்பது எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் ரத்தம் இல்லை என்று சத்து ஊசி போட்டார். இன்னொருவரும் அதையே போட்டார். கடைசியில் அப்பாவும் அம்மாவும் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னை விட்டுவிட்டு வர வீட்டில் யாருமில்லாததால் நானும் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். வயது அத்தையைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். அத்தையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓர் ஊசி முனையால் பாதத்தில் குத்திக்கொண்டே வந்தார். "எங்க குத்தறேன்?" அத்தை பேசாமல் இருந்தாள். இன்னும் குத்தவில்லை என்று நினைத்துக் காத்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஊசி கணுக்காலைத் தாண்டி ஏறியது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தபோதுதான் அத்தை, "இங்க" என்றாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்கவில்லை. அத்தை சொன்னாள். துடைக்கிற மருந்தைப் பற்றிச் சொன்னாள். அதன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் உண்டா, எத்தனை மணி நேரம், கையுறை உண்டா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். எப்போதிலிருந்து இப்படி என்றதற்கு, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து என்றாள் அம்மா.

"இல்ல, அதுக்கு முன்னாடியே. கீபோர்டு ரிப்பேர் ஆனப்பலேர்ந்து" என்றேன் நான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் சொல்லு என்பதுபோல் தலையசைத்தாள். மழைக்காலத்தில் நம்மாளு குழாயிலிருந்து விழுந்ததையும், கடைக்குப் போனதையும், வழியில் செருப்பு கழன்றதையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு அப்பாவிடம், நரம்பு என்பது கரண்டு வயர் மாதிரி, அதற்கும் மேலே ஓர் உறை உண்டு, அந்த மருந்தின் ஆவி மூச்சிலும் தோலிலும் போய் நரம்பைக் கெடுத்து உறையையும் தின்றிருக்கிறது என்று சொன்னார். வேலையை விட்ட பிறகும் சில மாதம் இறங்கிக்கொண்டேதான் போகும், பிறகுதான் மெதுவாக ஏறும் என்றார்.

"அப்ப உடுப்பு போயிடுச்சா அத்தைக்கு?" என்று கேட்டேன். டாக்டருக்கு அது புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. என் தலையில் கையை வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று சொல்லலாம். அவ்வளவு கனமாக விழுந்தது அந்தக் கை.

அப்பா கம்பெனிக்குப் போனார். அத்தனை நாளும் "டிரைவர் அண்ணே" என்று கேட்டைத் திறந்துவிட்ட செக்யூரிட்டி அன்று பாஸ் கேட்டார். வேனை அங்கேயே நிறுத்திவிட்டு அப்பா வெயிலில் நின்றாராம். கொஞ்சம் கழித்து வெளியே வந்த ஓர் ஆபீசர், நாங்கள் அப்படிப்பட்ட மருந்து எதையும் உபயோகிப்பதே இல்லை என்று அன்பாகச் சொன்னாராம். அதற்குள் டப்பாக்கள் எங்கோ போய்விட்டன. அந்த லைனையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா அந்தக் கம்பெனி டிரிப்பை விட்டார். வேறு கம்பெனிக்கு ஓட்டினார். வேறு பெண்கள் ஏறினார்கள். வேனில் ஏறுகிறவர்களின் கால்களை அவர் கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அத்தை எழுந்து நடக்க ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. கை மெல்ல மெல்ல வந்தது. இடது கை விரல் நுனிகள் மட்டும் முழுசாக வரவில்லை. இன்றைக்கும் தன் குழந்தைக்கு வெந்நீர் விளாவும்போது முழங்கையால் தொட்டுத்தான் சூடு பார்க்கிறாள். கல்யாணம் தாமதமாக நடந்தது, நல்லபடியாகவே நடந்தது.

ஆனால் என் மனதில் நின்றுபோனது அதற்கெல்லாம் முன்னால், அத்தை படுக்கையில் இருந்தபோது வந்த ஒரு மத்தியானம். கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்த பெண் ஒருத்தி அன்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். மதுரையைத் தாண்டிச் சிவகங்கைப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறாள். கூட அவள் அப்பா வந்திருந்தார், ஒல்லியாக, தோளில் துண்டோடு. அவளுடைய பை, பக்கெட், பாய் எல்லாவற்றையும் அவர்தான் சுமந்துகொண்டிருந்தார். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள்.

"ஒங்களுக்குமாக்கா? எனக்கும் இதே மாதிரித்தேன். சீப்பப் புடிக்கக்கூட முடியல" என்றாள்.

"இங்க வா, நான் பின்னிவுடறேன்" என்றாள் அத்தை. அந்தப் பெண்ணின் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. அவள் திரும்பி உட்கார்ந்தாள். அத்தை முடியை மூன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவியது. பிரித்தது சேர்ந்துகொண்டது. "இருங்க, ஒங்களுக்கு நான் பின்றேன்" என்று அவள் எழுந்து வந்தாள். அவள் கையிலும் நிற்கவில்லை. பின்னல் காக்காய்க் கூடு மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அத்தை சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நானும் சேர்ந்துகொண்டு குதித்துக் குதித்துச் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் வந்து உட்கார்ந்து, இரண்டு பேர் தலையையும் ஒன்றன்பின் ஒன்றாக வாரிப் பின்னிவிட்டாள்.

அந்தச் சிரிப்பு ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சற்றுப் பொறுத்து என் அப்பாவும் போனார். நான் வாசலுக்கு வந்து பார்த்தபோது, ரோட்டோரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களை நிறைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பஸ் வரும்போதும் அந்த மனிதர் கழுத்தை நீட்டி ஜன்னல் ஜன்னலாக முகங்களைப் பார்த்தார். அது போனதும் அடுத்ததைப் பார்த்தார். பாவம், ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடினேன்.

"மாமா, மதுர பஸ்சு இந்தப் பக்கம் வராது. தாம்பரம் போயித்தான் ஏறணும்" என்றேன்.

அவர் என்னைக் குனிந்து பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். ஆனாலும் நகரவில்லை. அப்பாவும் நகரவில்லை. எந்தப் பஸ் எங்கே நிற்கும், எங்கே போகும் என்று அந்த ரோட்டில் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. இருந்தும் அந்த மனிதரிடம் அதை ஒரு வார்த்தை சொல்லாமல், கூடவே ஏன் இப்படி வெயிலில் நிற்கிறார் என்று எனக்கு அப்பாமேல் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.